கூரை யாருடைய பெயரில் இருக்கிறது?
போருக்குப் பிந்திய வடகிழக்கில் சூரிய மின்சாரமும் தானியங்கித் தொழிலும்
(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய அரங்கத்தின் நினைவுப் பேருரையில் போய் மின்சாரத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். நான் எழுத்தாளன் அல்ல. வயரும் சோதனை விளக்கும் கையுமாகத் திரிகிற ஒரு மின் தொழிலாளி. ஆனாலும், யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் காணியையும் கிணற்றையும் கூலியையும் தவிர வேறொன்றை நீண்ட நேரம் பேசியவரல்லர். சூரிய மின்சாரம், தானியங்கி இயந்திரம் என்று நான் எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து சேரப் போகிறேன். அதனால் அவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கான தேசிய மின் இணைப்பு அறுந்துபோனது. டோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். மாணவர்களுக்கு இது கதை போல இருக்கும். உங்கள் தாய் தகப்பனிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் குடும்பம் அப்போது வேறொருவருடைய காணியில் குடியிருந்தது. ரேடியோ காணிக்காரருடையது. சைக்கிள் என் தகப்பனாருடையது. முட்டியும் பாளைக்கத்தியும் கட்டிக்கொண்டு அவர் மரத்துக்கு மரம் போகிற சைக்கிள். இரவில் தமிழோசை தொடங்கும்போது பெரியவர்கள் விறாந்தையில் கதிரைகளில் இருப்பார்கள். நான் படிக்குக் கீழே, முற்றத்தில் நின்று சுற்றுவேன். கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் இழுபடும். உடனே மேலேயிருந்து ஒரு அதட்டல் வரும். மின்சாரத்தைப் பற்றிய என் முதலாவது பாடம் அதுதான். மின்னை உண்டாக்குகிற கை எங்கே நிற்கிறது, வயர் எந்த விறாந்தையில் போய் ஏறுகிறது என்று பார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் போரில்லாத வடகிழக்கில் இப்போது அந்த வயர் எங்கே போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். இன்று சந்தையில் கிடைக்கிற ஒரு சோலர் பனல் ஏறத்தாழ 550 வாட். ஒன்பது பத்துப் பனல்களைச் சேர்த்தால் 5 கிலோவாட். எங்கள் வெயிலுக்கு அது ஒரு நாளில் பதினெட்டு, இருபது அலகு மின்சாரம் தரும். பனலிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். அதை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டி இன்வெர்ட்டர். பாவித்தது போக மிஞ்சுவது மீற்றர் வழியாகப் பொது மின் கம்பிக்குப் போகும். கொடுத்ததற்குக் கணக்கில் கழிப்பார்கள் அல்லது காசு தருவார்கள். இலங்கையில் இந்த ஏற்பாடு 2010 அளவில் தொடங்கி, 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் பெரிதாக்கப்பட்டது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. சுன்னாகத்தில் டீசல் மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த ஒருவரும் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லமாட்டார். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தண்ணீர் திரும்பி வர நீதிமன்றத் தீர்ப்பு போதாது.

ஆனால் இந்தத் திட்டத்துக்குள் நுழைய என்ன வேண்டும்? உங்கள் பெயரில் ஒரு மின் கணக்கு. பனலின் பாரத்தைத் தாங்குகிற ஒரு கூரை. வங்கிக் கடனுக்குச் சம்பளச் சீட்டு, இல்லாவிட்டால் காணி உறுதி. விண்ணப்பப் படிவத்தில் சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. அது தேவையுமில்லை. மேலே சொன்ன மூன்றையும் கேட்டாலே போதும். எங்களில் பாதிப்பேர் வாசலில் நின்றுவிடுவார்கள்.

ஏன் என்று விளங்க, முகாம்களைப் பார்க்க வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எல்லாச் சாதிச் சனமும்தான் வெளியேறியது. குண்டு சாதி பார்த்து விழவில்லை. ஆனால் காணியும் காசும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முகாமை விட்டு நீங்கினார்கள். இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் அங்கே எஞ்சியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இடம்பெயர முன்னரே பிறர் காணியில் குடியிருந்தவர்கள். இராணுவம் காணிகளை விட்டுக்கொடுக்கத் தொடங்கியபோது பத்திரிகைகள் ‘சொந்த மண்ணுக்குத் திரும்பினர்’ என்று எழுதின. சொந்த மண் இருந்தவர்கள் திரும்பினார்கள். வன்னியிலும் இதே கதைதான். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகத் தமிழர் பலருக்குக் காணிப் பத்திரம் இல்லை. இந்திய அரசு கட்டிக் கொடுத்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்குக்கு வந்தன. வீட்டுக்கு 5,50,000 ரூபாய். அந்த வீட்டுக்கும் காணிக் கடதாசிதான் முதல் கேள்வியாக இருந்தது. வீடு கிடைக்காதவனுக்குக் கூரை இல்லை. கூரை இல்லாதவனுக்குப் பனல் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வன்னியில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். இரண்டு குதிரைவலு மோட்டார். பகலில்தான் ஓடும். சோலருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்க முடியாது. நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வங்கியில் காணிப் பத்திரம் கேட்டார்கள். பெர்மிட் அவருடைய கணவர் பெயரில். கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் பெயர் மாற்றலாம் என்று அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அக்கா சொன்னார்: “தம்பி, கரண்டுக்காக அவர் செத்திட்டாரெண்டு நான் கையெழுத்து வைக்கேலுமோ?” நான் பதில் சொல்லவில்லை. கிலோவாட் கணக்கு எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

பெரிய திட்டங்களுக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சோடு சனம் ஓடியது. அந்த வருடம் செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயம். பிறகு முதலீட்டு வலயம். இன்னொரு துண்டில் இந்திய, இலங்கை அரச நிறுவனங்கள் சேர்ந்து நிலக்கரி மின் நிலையம் கட்டுவதாகத் திட்டம். ஊர்ச் சனம் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் கிடந்தது. விடாமல் கேட்டுப் போராடியதால் 2015இல் முதலீட்டு வலயத்துக்கென்று எடுத்த 818 ஏக்கரும், 2016இல் கடற்படை வைத்திருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. அது ஒரு வெற்றி, எங்கள் சனத்தின் வெற்றி. ஆனால் நிலக்கரிக்கென்று ஒதுக்கிய நிலம் ஒதுக்கியபடியே கிடந்தது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான பணி இரு நாட்டுத் தலைவர்களால் காணொளி மூலம் தொடக்கிவைக்கப்பட்டது.

நிலக்கரிக்குப் பதிலாகச் சூரியன் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். சாம்பலும் இல்லை, கடலில் சுடுதண்ணீரும் இல்லை. ஆனால் சூரிய மின் நிலையம் நிலத்தை அதிகம் தின்னும்: ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர். கட்டும்போது சில நூறு பேருக்கு வேலை. கட்டி முடிந்தால் புல் வெட்ட, பனல் கழுவ, வாசலில் காவல் நிற்க ஆட்கள் வேண்டும். மற்றதெல்லாம் தானாக நடக்கும். தூரத்து அறையொன்றில் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பொறியியலாளர் இருப்பார்கள். காணியை இழந்தவரின் மகன் அந்தக் காணியின் வாசலில் கொம்பனிச் சீருடையோடு நிற்பான். இதற்குப் பெயர் வேலைவாய்ப்பு. அதே மாவட்டத்தில் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் நெடுங்காலம் வயல் செய்த நிலம் சூரிய மின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்து 2025இல் வீதியில் உட்கார்ந்தார்கள். கையில் உறுதி இல்லாதவன் எத்தனை போகம் விதைத்தாலும் அத்துமீறிக் குடியிருப்பவன்தான். முன்பு கோட்டைக்கும் முகாமுக்கும் காணி எடுத்தார்கள். இப்போது பூமியைக் காப்பாற்ற எடுக்கிறார்கள்.

இயந்திரம் யாருடைய முதுகை நிமிர்த்துகிறது?

தானியங்கி என்றால் பெரிய மாயம் இல்லை. மூன்று உறுப்புகள் உண்டு. சூட்டையோ அழுத்தத்தையோ நீர்மட்டத்தையோ அளக்கிற உணரி. அளந்ததை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிற சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. அந்த முடிவை நிறைவேற்றுகிற வால்வு, மோட்டார். இவற்றை இணையத்தோடு தொடுத்து, தூரத்திலிருந்து பார்க்கவும் மாற்றவும் முடிந்தால் அதைத் ‘திறன்மிகு’ தொழில்நுட்பம் என்கிறார்கள். நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு மூன்றுக்குமாக இந்திய நன்கொடையில் 2024இல் ஒப்பந்தமான திட்டத்தைப் பாருங்கள். 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன், 2,400 கிலோவாட்-மணி பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். முகில் மூடினால் பற்றரி எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த நொடியில் டீசலைத் தொடங்க வேண்டும் என்பதை மனிதன் விசை தட்டிச் செய்ய முடியாது. பெட்டிதான் செய்யும். இங்கே தானியங்கி யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. அது இல்லாமல் அந்த மின்சாரமே இல்லை.

ஆனையிறவில் கதை வேறு. உப்பளம் என்பது எங்கள் நாட்டின் பழைய சூரியத் தொழிற்சாலை; பனல் இல்லாமலே வெயிலைச் சரக்காக்குகிறது. கடல்நீரைப் பாத்திகளில் மாற்றி மாற்றிக் காயவைத்தால் அடர்த்தி கூடி ஒரு கட்டத்தில் உப்பு படியும். 1990இல் நின்ற உற்பத்தி, மூன்று பெரிய சண்டைகளைக் கண்ட மண்ணில், போர் முடிந்து பல வருடங்களின் பின் தொடங்கியது. 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்பு ஆலை திறந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் தொழிலாளர் தங்கள் வேலைநிலைமை குறித்து வாசலில் நின்று குரல் கொடுத்தார்கள். உப்பு வாருகிறவர்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? வெடிப்புக்குள் உப்பு புகுந்து புண் ஆறவே ஆறாது. அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நான் சொல்வேன். பாத்தியின் அடர்த்தியை உணரி அளக்கட்டும். அயடீன் சரியான அளவில் கலப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். அது கையால் செய்தால் பிழைக்கிற வேலை. ஆனால் வாருகிற நாட்கூலிப் பெண்ணை அனுப்பிவிட்டு, உணரியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒருவரை மாதச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தால், அது எந்த முன்னேற்றம்? புண்ணோடு இருந்தவளுக்குக் கூலியாவது இருந்தது.

நம்மில் சிலருக்கு இயந்திரம் என்றாலே சந்தேகம். கைத்தொழிலின் அழகு, பழைய கிராமம் என்று உருகுவார்கள். யாழ்ப்பாணத்தில் மலவாளி சுமந்தவர்களின் பிள்ளைகள் அப்படி உருகமாட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 1945இல், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில், இதை நேராகவே வாதிட்டிருக்கிறார்: கேடு இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்கிற சமூக அமைப்பில் இருக்கிறது, இயந்திரம் தருகிற ஓய்வு இல்லாமல் உழைப்பவனுக்குப் பண்பாட்டு வாழ்வும் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்று போரில் அழிந்தவற்றைத் திறக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம். சரி. ஆனால் இன்று திறந்தால் அவை அன்றைய ஆலைகளாக இருக்கமாட்டா. பத்துப் பேர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்பார். ஆகவே ‘ஆலையைத் திற’ என்பதோடு கோரிக்கை நிற்க முடியாது. அந்த ஒருவர் யார், மற்ற ஒன்பது பேருடைய கூலி எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும்.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சோலர் பம்பு வந்தால் விவசாயிக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. ஆனால் செலவில்லாமல் இறைக்கலாம் என்றால் யார் நிறுத்துவார்கள்? யேமனில் 2015இல் போர் பெரிதாகி டீசல் கிடைக்காமல் போனபோது சனம் தாங்களாகவே சோலருக்கு மாறியது. வீடுகளில் விளக்கு எரிந்தது, நோயாளிகள் பிழைத்தார்கள். கூடவே ஆழ்கிணறுகளில் பகல் முழுக்கப் பம்பு ஓடி நிலத்தடி நீர் இறங்குகிறது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம். அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். ஆழமான கிணறும் பெரிய பனலும் வைத்திருப்பவர் இறைக்க இறைக்க, முதலில் உவர்க்கிறது பக்கத்துக் குடியிருப்பின் ஆழமில்லாக் கிணறு. கிணற்றுக் கட்டில் எங்களை ஏறவிடாத காலம் ஒன்று இருந்தது. இப்போது கட்டில் ஏறலாம். வாளியில் வருவது உப்புத் தண்ணீர்.

1972இல் செய்தது

எதிர்ப்பது மட்டும் போதாது என்று மாணவர்கள் நினைப்பீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். அதற்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையில்லை. டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்த அதே 1972இல்தான் வடக்கில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. அதுவரை தவறணைக் குத்தகைக்காரர் சொன்னதுதான் விலை. சங்கம் வந்த பிறகு கள்ளை அளந்து கொடுத்தவனுக்குக் கணக்கும் சேமிப்பும் வந்தது. சங்கங்கள் போத்தல் கள்ளு அடைத்தன. திக்கத்தில் வடிசாலை நடத்தின. போரும் நிருவாகச் சீர்கேடும் அரசியல்வாதிகளின் கையும் சேர்ந்து இவற்றை நலிய வைத்தன, உண்மை. என் தகப்பனாரும் சங்கத்தைத் திட்டாத நாளில்லை. ஆனால் எங்கள் சனத்துக்கு உறுதியுள்ள காணியும், சொந்தப் பெயரில் மின் கணக்கும், பாரம் தாங்கும் கூரையும் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது அநேகமாகச் சங்கக் கட்டடம்தான்.

தொழில்நுட்பத்தின் பக்கமிருந்தும் இது பொருந்தும். சூரிய மின்சாரம் மதியத்தில் உச்சம். நாட்டின் தேவையோ இரவு ஏழு மணியளவில் உச்சம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்ததால், பகலில் மின்சாரம் மிஞ்சி அமைப்பு நிலைகுலையும் என்று, கூரைச் சோலர்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. விற்கிற காசை நம்பிக் கடன் எடுத்தவனுக்கு அது அடி. தன் மின்சாரத்தைத் தானே பகலில் பாவிக்கிறவனுக்கு அந்த அடி குறைவு. கள்ளு விடியற்காலையில் இறங்குகிறது. நேரம் போகப் போகப் புளிக்கிறது. மதியத்துக்குள் வடித்து, போத்தலில் அடைத்து, சூடாக்கிப் புளிப்பை நிறுத்த வேண்டும். சூரியனின் நேரமும் கள்ளின் நேரமும் ஒன்று. போத்தல் கழுவும் பம்பு, நிரப்பும் இயந்திரம், குளிரறை எல்லாம் பனலில் ஓடும். கொதிகலனுக்கு மட்டும் பனல் கட்டுபடியாகாது. கூரையில் வெந்நீர்க் குழாய் வைத்து முதற்சூட்டை ஏற்றினால் விறகு குறையும். சூட்டை உணரி பார்த்தால் ஒரு தொகுதி கெட்டு ஊற்றுவது நிற்கும்.

சங்கங்களோடு பேசப் போகிற தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு ஊரில் அரிசி ஆலையின் புது இயந்திரம் அறுவடைக் காலத்தில் நின்றுபோனது. என்னைக் கூப்பிட்டார்கள். பிழை சின்னது, ஒரு உணரி. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது விற்ற கொம்பனியிடம். பதினொரு நாள் நெல் மூட்டை காத்துக் கிடந்தது. சோலரிலும் இதேதான்: இன்வெர்ட்டரின் தகவலெல்லாம் பூட்டினவரின் கைபேசிக்குப் போகும், சங்கத்துக்கு மாதமொரு தாள் வரும். கடவுச்சொல் யாரிடமோ இயந்திரம் அவருடையது. காணி உறுதியைக் கவனித்து வாசிப்பது போல இந்த ஒப்பந்தத்தையும் வாசிக்க வேண்டும். கடவுச்சொல்லும் சுற்றுப் படமும் சங்கத்திடம் இருக்க வேண்டும். உறுப்பினர் குடும்பங்களிலிருந்து இரண்டு பிள்ளைகளாவது, அதில் ஒன்று பெண் பிள்ளையாக, பூட்டும் நாளிலிருந்தே கூட நின்று பழக வேண்டும். இதை எழுத்தில் கேட்டால் விலை கொஞ்சம் கூடும். கூடட்டும்.

அடுத்த மாதம் அக்காவின் ஊருக்குப் பக்கத்துச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்துக்கு விலைமதிப்போடு போகிறேன். அவர்களுடைய கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அக்காவின் அரைக்கும் இயந்திரத்தை அங்கே கொண்டுவந்து, சங்கத்தின் மின்சாரத்தில் ஓட்டி, அலகுக் கணக்கில் சங்கத்துக்குக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறேன். கடதாசியில் கணவருடைய பெயர் எங்கும் வரத் தேவையில்லை. சங்கத்தில் இருவர், அவர் உறுப்பினரல்லவே என்று இழுக்கிறார்கள். யோசிச்சுச் சொல்லுறன் தம்பி என்றார் அக்கா.